உபகாரச் சம்பளம் இல்லாமல் பட்டம் பெற்றவர்கள்



யூபிலி மலர் என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆயர் பெருந்தகையின் ஆசியுரை, பங்குத் தந்தையரின் வரிசை, மணிக்கூண்டு எழும்பிய ஆண்டு, கெபி யாருடைய உபயம், தேர் யாருடைய உபயம் என்ற விவரங்கள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் இவற்றுள் அடங்காத கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டிலோ திருமணப் பதிவேட்டிலோ அதைத் தேடினால் கிடைக்காது. நம் பிள்ளைகள் கல்லூரிப் படியேறிய கணக்கு அது; அதற்கான பணம் யார் மடியிலிருந்து வந்தது என்ற கணக்கு. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி அதைத்தான் இப்பக்கங்களில் எழுத முயல்கிறேன்.

வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் நம் வட்டாரத்தைத் தோல் வட்டாரம் என்றே வெளியூரார் அறிவர். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் நம் பாட்டன்மார் இறங்கி நின்றார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்கள் வெந்து வெளுத்திருக்கும். அந்தத் தொட்டி யாரிடமும் மதம் கேட்டதில்லை. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளை கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதும்போது அரசாங்கத்தின் காகிதம் கேட்டது.

1944ஆம் ஆண்டில், வைஸ்ராயின் கவுன்சிலில் டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், அட்டவணை வகுப்பு மாணவருக்காக மத்திய அரசாங்கம் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. 1948இல் அது பழங்குடியினருக்கும் விரிந்தது. இந்நாட்டில் ஏழைப் பிள்ளை கல்லூரி வாசலைத் தாண்டுவதற்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் வந்ததில்லை என்று சொன்னால் மிகையாகாது. கல்லூரிக் கட்டணத்தோடு சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பராமரிப்புப் படி என்று ஒன்று அதில் உண்டு. அந்தப் படிதான் முக்கியம். கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். மூன்று ஆண்டு மூன்று வேளைச் சோற்றுக்கு வழி காண்பதுதான் கடினம். அதே 1944இல் அமெரிக்க நாடு தன் போர்வீரர்களை அரசாங்கச் செலவில் கல்லூரிக்கு அனுப்பச் சட்டம் இயற்றியது. அங்கே பல இலட்சம் பேருக்குக் கதவு திறந்தது. இங்கேயும் ஒரு கதவு திறந்தது. ஆனால் நம்மவர் நுழைய முடியாதபடி நிலையில் ஒரு சங்கிலி தொங்கியது.

அந்தச் சங்கிலியை எல்லோரும் 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை என்பார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறப்பித்த அட்டவணை வகுப்பினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் அட்டவணை வகுப்பினராகக் கருதப்படமாட்டார் என்றது. இதனால்தான் ஆகஸ்ட் 10ஐ நாம் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். ஆனால் மேடைகளில் சிலர், 1950 வரையில் நமக்கும் எல்லாம் கிடைத்து வந்தது, பிறகுதான் பறிபோயிற்று என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. வெள்ளையர் ஆட்சியில் 1936இல் வந்த அட்டவணை வகுப்பினர் ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அதில் சேரமாட்டார் என்று எழுதியாகிவிட்டது. ஆகவே 1944இல் உபகாரச் சம்பளம் பிறந்தபோதே நாம் வெளியில்தான் நின்றோம். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தப் பத்தி திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திருத்தப்படவில்லை.

இதன் பொருள் ஒரு தெருவில் என்னவாயிற்று என்று பார்க்கவேண்டும். ஒரே தெரு, ஒரே தொட்டி, ஒரே கூலி. எதிரெதிர் வீடுகள். ஒரு வீட்டில் மாரியம்மன் படம், எதிர்வீட்டில் சவேரியார் படம். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினார்கள். ஒருவனுக்கு மத்திய அரசாங்கத்தின் படி வந்தது, இன்னொருவனுக்கு வரவில்லை. ஊர்க்காரர்கள் இருவரையும் ஒரே பெயரிட்டுத்தான் அழைத்தார்கள். டீக்கடையில் தனிக் குவளை இருந்த காலத்தில், ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினால் நல்ல குவளையில் ஊற்றினார்களா? இல்லை. இதே நியாயத்தைத்தான் சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்து வாழ்ந்த சூசை என்பவர் உச்சநீதிமன்றம் வரை கொண்டு போனார். மத்திய அரசாங்கத்தின் சிறப்பு உதவியில் செருப்புத் தொழிலாளருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அவர் கிறிஸ்தவர் என்பதால் விடுபட்டுப் போனார். 1985 செப்டம்பர் 30இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்றுகள் வைக்கப்படவில்லை என்று கூறி அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். தோலைத் தொட்டுப் பிழைத்த ஒருவரின் பெயரால்தான் அந்த வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் அறியப்படுகிறது என்பதை நம் வட்டாரத்தார் நினைவில் வைக்கவேண்டும்.

மாநில அரசாங்கத்தைப் பற்றி நன்றியோடுதான் எழுதவேண்டும். ஆதிதிராவிட வகுப்பிலிருந்து கிறிஸ்தவரானவர்களைத் தமிழ்நாடு பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் வைத்தது. மத்திய அரசு கொடுக்க மறுத்த உபகாரச் சம்பளத்தைத் தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்கவும் வழி செய்தது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. ஆயினும் அரசாங்கப் பணம் என்பது ஆனியில் கேட்டால் மாசியில் வரும் பணம். கல்லூரியோ சேரும் நாளிலேயே ரசீது போடும். இடைப்பட்ட எட்டு மாதம் யார் பொறுப்பது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பூசையில் ஒரு பெயரும் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்ந்த குடும்பங்கள் நம் மறைமாவட்டம் முழுவதும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று பிரசங்கத்தில் கண்டித்த குருக்களும் இருந்தார்கள். வாயைத் திறக்காமல் கோவில் பதிவேட்டைப் பூட்டி வைத்த குருக்களும் இருந்தார்கள். பிள்ளையின் படிப்புக்கும் பிள்ளையின் பெயருக்கும் நடுவில் ஒரு தாயை நிறுத்தி வைத்தது சட்டம். குற்றம் அந்தத் தாயினுடையது என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, படி கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வருவோம். இதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. வேலூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய ஊரிஸ் கல்லூரியை அறியாதவர் இல்லை. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே படித்தார். பின்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அவர் வீட்டில் வசதி இல்லை; உபகாரச் சம்பளத்தில்தான் படிப்பு ஓடியது. தத்துவ சாஸ்திரத்தை அவர் ஏன் எடுத்தார் என்பதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதே கல்லூரியில் தேறிய உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப்புத்தகங்களை அவருக்குக் கொடுத்தாராம். புத்தகம் இலவசமாகக் கிடைத்த பாடமே பாடமாயிற்று. நாட்டின் ஜனாதிபதியாக உயர்ந்தவருக்கே பாடத்தைத் தேர்ந்தெடுத்தது பழைய புத்தகம் என்றால், நம் பிள்ளைகள் அண்ணன் படித்த பாடத்தையே எடுத்ததில் வியப்பென்ன? பல வீடுகளில் மூத்தவன் வரலாறு என்றால் அடுத்தவனும் வரலாறு, மூன்றாமவளும் வரலாறு. ஆர்வத்தால் என்று நினைத்துவிடக்கூடாது.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியதும் இவ்வூர் வரலாற்றில் பெரிய செய்தி. 1942இல் அது பட்டப்படிப்புக்கு உயர்ந்தது; 1947இல் ஆண்களுக்கும் திறந்தது. அங்கே வளர்ந்த ஏற்பாடு ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். ஒரு சபை மாணவரைப் பரிந்துரைத்து அனுப்பும். படித்து முடித்தவர் குறிப்பிட்ட காலம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேவை செய்யவேண்டும். அதாவது, கடனை உழைப்பால் அடைப்பது. பெங்களூரில் 1963இல் நம் இந்திய ஆயர்கள் தொடங்கிய புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரியும் கிராமச் சேவையை நிபந்தனையாக வைத்தது. வட்டிக்கு வாங்கிப் படித்தவர் வட்டியைக் கட்டப் பட்டணத்தைத்தான் தேடுவார். சேவைக்கு எழுதிக் கொடுத்தவர் கிராமத்துக்கு வருவார். இவ்வேற்பாட்டை மற்றப் படிப்புகளுக்கும் நம்மவர் விரிவாக்காமல் போனது ஒரு குறையே.

அடுத்து நம் முஸ்லிம் சகோதரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் வரலாறு நிரம்பாது. தோல் வியாபாரத்தில் கிடைத்த இலாபத்தைக் கல்லூரியாக மாற்றியவர்கள் அவர்கள். வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கத்தார் நடத்திய இஸ்லாமியக் கல்லூரி 1919இலேயே தொடங்கிவிட்டது. அப்போது இந்த மாவட்டத்தில் நமக்கென்று ஒரு கல்லூரி கிடையாது. பிற்பாடு மேல்விஷாரத்தில், தோல் வியாபாரியும் பெரிய தர்மவானுமான சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் 1965இல் ஒரு கல்லூரியும், ஆம்பூரில் 1969இல் மஸ்ஹருல் உலூம் கல்லூரியும் எழுந்தன. இக்கல்லூரிகள் மற்ற மதத்தாருக்கும் கதவைத் திறந்தே வைத்தன. ஆம்பூர்ப் பிள்ளைக்கு ஆம்பூரில் கல்லூரி என்றால் அதன் பொருள் என்ன? ஹாஸ்டல் பணம் மிச்சம். காலையில் வீட்டுக் கஞ்சி, மாலையில் வீட்டுக் கஞ்சி. முன்பு சொன்னேனே, சோற்றுக் கணக்குதான் பெரிய கணக்கு என்று; அதைத் தீர்த்து வைத்தது உள்ளூர்க் கல்லூரி. நம் தொழிலாளரின் உழைப்பில் விளைந்த பணம் அந்தக் கட்டிடங்களில் இருக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும். கட்டாமலும் விட்டிருக்கலாமே! மற்ற ஊர்களில் எத்தனை பேர் கட்டினார்கள்?

வேலூரில் 1966இல் அரசினர் கலைக் கல்லூரி வந்தது. அதில் கட்டணம் மிகக் குறைவு. அங்கே போகப் பேருந்தும் ரயிலும் உண்டு. சென்னையிலிருந்து சோலையார்பேட்டைக்குப் போகும் இருப்புப் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. மாணவருக்கு சீசன் டிக்கெட் சலுகை. ரயில்வே மத்திய சர்க்காருடையதுதான். ஆயினும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் யாரும் 3ஆம் பத்தியை எடுத்துக் காட்டவில்லை!

நம் திருச்சபை செய்தது என்ன? சலேசிய குருக்கள் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியை 1951இல் தொடங்கினார்கள். வேலூர் மறைமாவட்டமே (அந்நாளில் மேற்றிராசனம் என்போம்) சென்னை-மயிலையிலிருந்து பிரிந்தது 1952 நவம்பர் 13இல்தான். அதாவது, நமக்கென்று ஆயர் வருவதற்கு முன்பே கல்லூரி வந்துவிட்டது. தொடங்கியபோது அது இண்டர்மீடியட் கல்லூரி. 1954இல் காட்பாடி காந்தி நகரில் சலேசிய கன்னியர் பெண்களுக்காக ஆக்சீலியம் கல்லூரியைத் தொடங்கினார்கள். அந்நாளில் பெண் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்று தயங்கிய தகப்பன்மார், சிஸ்டர்மார் காவலில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் அனுப்பினார்கள்.

இக்கல்லூரிகளில் ஏழைகள் எப்படிப் படிக்க முடிந்தது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் சம்பளத்தை மாநில அரசு மானியமாகக் கொடுக்கிறது. ஆகவே மாணவரிடம் வாங்கும் கட்டணம் சிறிது. 1980களின் நடுவிலிருந்து சுயநிதிக் கல்லூரிகளும், உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே சுயநிதிப் பாடங்களும் வந்தன. அங்கே ஆசிரியர் சம்பளம் முதல் கரும்பலகை வரை மாணவர் தலையில். ஒரே கல்லூரி, ஒரே வளாகம். காலை வகுப்புக்கு ஒரு விலை, மதிய வகுப்புக்குப் பல மடங்கு விலை. கிறிஸ்தவக் கல்லூரி என்று நம்பிப் போய் ரசீதைப் பார்த்துத் திகைத்த பெற்றோரின் வருத்தம் நியாயமானதுதான். அரசு புதிய பாடங்களுக்கு மானியம் தர மறுத்தபிறகு நிர்வாகத்தாருக்கும் வேறு வழி குறைவு என்பதும் உண்மை.

செலவைக் குறைத்த இன்னொரு மாற்றத்தை யாரும் பேசுவதில்லை. முன்பு பதினோராம் வகுப்போடு பள்ளி முடியும். பிறகு ஓராண்டு பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். காமராஜர் முதலமைச்சராயிருந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடச் சம்பளம் படிப்படியாக நீங்கியதால் நம் பிள்ளைகள் பதினொன்று வரை வந்துவிட்டார்கள், பி.யு.சி.யில்தான் பெரும்பாலோர் நின்றார்கள். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு பள்ளிகளுக்கே வந்தது. கல்லூரிச் செலவு செய்து படித்த ஓராண்டு, உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் ஆண்டாக மாறிற்று. அதற்குப் பின்பு பட்டதாரிகள் பெருகியதில் இந்த மாற்றத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். கல்லூரி திறப்பது ஜூன், ஜூலையில். தொழிலாளி கையில் பணம் புரள்வது தீபாவளி போனஸ் வரும்போது. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டப்படி குறைந்தது நூற்றுக்கு எட்டே கால் ரூபாய்க்குச் சற்று அதிகமாக, அதாவது 8.33 வீதம், கொடுத்தாகவேண்டியிருந்தது. ஆனால் ஐப்பசியில் வரும் பணம் ஆனியில் கட்டவேண்டிய கட்டணத்துக்கு எப்படி உதவும்? ஆகவே பெண்கள் சீட்டுப் பிடித்தார்கள். உதாரணமாக, 20 பேர், மாதம் 500 ரூபாய், மொத்தம் 10,000. ஜூன் மாதச் சீட்டை எடுக்கப் போட்டி கடுமையாக இருக்கும்; எல்லார் வீட்டிலும் பிள்ளை சேரவேண்டுமே. 2,000 தள்ளி எடுத்தால் கைக்கு 8,000 வரும். தள்ளிய பணத்தை மற்றவர்கள் பங்கிட்டுக் கொள்வார்கள். அதுவும் வட்டிதான், ஆனால் தெருவுக்குள்ளேயே சுற்றும் வட்டி. போனஸ் வந்ததும் அந்தப் பணம் சீட்டுப் பாக்கிக்கும், அடகில் வைத்த கம்மலுக்கும் போகும். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு, கிறிஸ்துமஸுக்கும் புதுத்துணி எடுக்காத வீடு என்றால், அங்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சீட்டு இல்லாதவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார்கள். இதுதான் மிகவும் ஆபத்தான வழி. முன்பணம் வாங்கியவன் கூலி உயர்வு கேட்க முடியாது. வேறு டேனரிக்குப் போக முடியாது. பிள்ளை பட்டம் பெறத் தகப்பன் கட்டுப்பட்டான்.

இதை மாற்றியவர்கள் நம் பெண்கள் என்று துணிந்து எழுதுகிறேன். 1970களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாகச் செய்த தோலும் செருப்பும் ஏற்றுமதியாகவேண்டும் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்பிறகு ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. தையல் மெஷின்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். தொட்டி வேலைக்குப் பெரும்பாலும் பெயர்ப் பதிவே இருக்காது. கம்பெனி வேலைக்கு மாதச் சம்பளம், ஈ.எஸ்.ஐ., பிராவிடண்ட் பண்ட். இந்தப் பி.எப். பணத்தில் ஒரு வாய்ப்பு ஒளிந்திருந்தது. 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 68-கே பிரிவு, ஏழாண்டு உறுப்பினராக இருந்தவர் தம் பங்குத் தொகையில் பாதி வரை பிள்ளைகளின் திருமணத்துக்கோ பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கோ எடுக்க இடம் கொடுத்தது. திருமணத்துக்கு எடுப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படிப்புக்கு எடுக்கலாம் என்பது பலருக்கும் தெரியவில்லை! தெரிந்தவர்கள், மகளின் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தை மகளின் பி.எஸ்ஸி.க்கு எடுத்தார்கள். அதற்கு வீட்டில் நடந்த சண்டைகள் தனி வரலாறு. பாட்டி அழுவாள்; தகப்பன் பேசமாட்டார்; கையெழுத்துப் போடவேண்டியவள் தாய், ஏனென்றால் பணம் அவளுடையது.

பீடி சுற்றிய பெண்களையும் சொல்லவேண்டும். 1976இல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உபகாரச் சம்பளம் உண்டு. இது மத்திய அரசின் பணமே. பீடி அட்டை இருந்தால் போதும், மதம் பார்ப்பதில்லை. அட்டை இல்லாமல் சுற்றியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

1996 ஆகஸ்ட் 28இல் பாலாற்று மாசு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரிகள் மூடவேண்டும் என்றும், ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும் என்றும் ஆணையாயிற்று. ஆறு நம்முடையது, கிணறு நம்முடையது, தீர்ப்பு நியாயமானதே. ஆனால் டேனரி மூடினால் கூலி நிற்கும். கூலி நின்றால் முதலில் நிற்பது கல்லூரி. வழக்கில் குடிமக்களின் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளியின் பிள்ளை கட்டவேண்டிய பருவக் கட்டணம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பங்கு அளவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி எடுத்து 1889இல் ஒரு பள்ளிக்கூடமே தொடங்கினார்கள். அதில் படித்தவர் காமராஜர். அதே பிடியரிசிதான் நம் பெண்கள் கோவிலுக்குக் கொண்டுவந்ததும். உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைப்பது. சேர்ந்த அரிசியை விற்றுப் பணமாக்குவது. இன்னொன்று புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1833இல் பாரிஸ் நகரில் அதைத் தொடங்கிய பிரடெரிக் ஓசானாம் அப்போது இருபது வயது கல்லூரி மாணவர் என்பதை நம் இளைஞர்களுக்கு நினைவூட்டுகிறேன். சபையார் வீடு தேடிப் போய்ப் பார்ப்பவர்கள். அரிசியும் மருந்தும் கொடுக்கப் போனவர்கள், பரீட்சைக் கட்டணம் கட்டாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையையும் கண்டார்கள். பரீட்சைக் கட்டணம் சிறு தொகைதான். மூன்று ஆண்டு படித்துவிட்டு, அந்தச் சிறு தொகைக்காகப் பட்டம் தவறியவர்கள் உண்டு.

பின்னாளில் வழிகள் சில கூடின. 2001இல் வங்கிகள் கல்விக் கடனுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்தன. 4 இலட்சம் வரையில் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது அதன் சிறப்பு. விதி அப்படி; மேனேஜர் மேசையில் வேறு விதி என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். 2007இல் சிறுபான்மையினருக்கு மத்திய அரசின் உபகாரச் சம்பளங்கள் வந்தன. குடும்ப வருமானம் 2 இலட்சத்துக்குள், மதிப்பெண் 50 விழுக்காடு இருந்தால் கிறிஸ்தவப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். 1944இல் மூடிய கதவின் பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல் திறந்ததாக மகிழ்ந்தோம். கல்லூரி மாணவருக்கான அத்திட்டங்களின் ஒப்புதல் 2021-22 வரை தான். அதற்குப் பிறகு அவை தடைப்பட்டன.

மாநில அரசு 2010இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை தந்தது. 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு தந்தது. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்றது. இதில் நம் பிள்ளைகள் பலருக்கு ஒரு சிக்கல். அவர்கள் படித்தது பங்குப் பள்ளியில். அது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளி அன்று. அதே ஏழை, அதே சம்பளமில்லாப் படிப்பு, ஆனால் பெயர்ப்பலகை வேறு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் முதலில் இப்படித்தான் விடுபட்டார்கள். 2024இல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் என்று விரிவாக்கியபோது அந்தக் குறை ஒரளவு தீர்ந்தது. பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். தெரியாமையால் விட்டவர்கள் நம்மிடையே உண்டு.

சட்டத்தைப் பொறுத்தவரையில், 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அட்டவணை வகுப்புத் தகுதியை மதத்திலிருந்து விடுவிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணையங்கள் வரும், போகும்; அதற்குள் ஒரு தலைமுறை பள்ளியில் சேர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விடும்.

இம்மலரின் கடைசிப் பக்கங்களில் கொடிமரத்துக்கும் பீடத்துக்கும் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் தொகையோடு அச்சாகியிருக்கின்றன. படிப்புக்குக் கொடுத்தவர்களின் பட்டியலையும் வெளியிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். கொடுத்தவர் பெயரை இட்டால் வாங்கியவர் யார் என்று ஊர் தேடத் தொடங்கும். இருவரும் ஞாயிறுதோறும் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே அந்த நோட்டு அறைவீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஜூன் மாதம் முதல் ஞாயிறு இரண்டாம் காணிக்கை வழக்கம்போல் அதற்குத்தான்.